மணிவண்ணன் பெயரில் ஆறு நம்பர்

ஜூலை 3, 2024, புதன்

நெத்திலி விலை போகவில்லை. வெயிலில் உட்கார்ந்ததுதான் மிச்சம், தலை வெடிக்கிறது. என் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிருக்கிறார், நாளை படகு கரைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு வீரையனும் அதே படகுதான். அவன் பெண்டாட்டி நாகரத்தினம் புளி கேட்டு வந்தாள். ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுப் புளியை வாங்காமலே போய்விட்டாள். லூசு.

ஜூலை 4, வியாழன்

அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

படகை விட்டு இறங்கியதுமே. உப்புத் தண்ணீரோடு, கால் கழுவக்கூட விடாமல். வெளியூர் போலீஸ். வீரையன்தான் ஓடிவந்து சொன்னான். ஸ்டேஷனில் ஒருத்தன் மட்டும் எனக்குப் பதில் சொன்னான்: "உம் புருஷன் பேர்ல இருக்கற சிம்ம வெச்சு ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர ஏமாத்தி, பேங்குல இருந்தத பூரா உருவிட்டாங்க."

மூணாவது படித்த மனுஷன். போனில் பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் நிற்கும், அவ்வளவுதான் தெரியும். இவரா? வாத்தியாரையா?

ஜூலை 5, வெள்ளி

கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். கன்னம் வீங்கியிருக்கு. "அடிச்சாங்களா?" என்றேன். "நீ சாப்டியா?" என்கிறார். பாவி மனுஷா!

கேட்டுக் கேட்டு விஷயத்தைப் பிடுங்கினேன். மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுக வாசலில் ஒருத்தன் குடை போட்டு சிம் விற்றானாம். இவரும் வீரையனும் போயிருக்கிறார்கள். ஆதார் நம்பரைச் சொல்லி மிஷினில் விரல் வைத்தால், "ரேகை விழலண்ணே, இன்னொரு தடவ வைங்க" என்றானாம். மறுபடியும் விழவில்லை. மறுபடியும்.

கயிறு இழுத்து இழுத்து எங்கள் ஆம்பளைகளுக்கு விரலில் ரேகையே கிடையாது. ரேஷன் கடையில் என்றைக்கு முதல் தடவை விழுந்திருக்கிறது? அதனால் சந்தேகமே வரவில்லை. லுங்கியில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.

ஜூலை 8, திங்கள்

வக்கீல் ஃபஹ்மிதாவைப் பார்த்தேன். நாகூர்க்காரப் பெண், சின்ன வயசு, சத்தமே போடாமல் பேசுகிறார். ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். மணிவண்ணன் என்று இவர் பெயரில் ஆறு நம்பர் இருக்கிறதாம். எங்கள் கையில் இருப்பது ஒன்று.

"விழலன்னு அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்குங்க."

குடைக்காரனைத் தேட வேண்டியதுதானே? "அவன் எங்க இருக்கானோ. இவங்களுக்குக் கையில கிடைச்ச ஆள் போதும்." இதுவரை கைது என்றே காட்டவில்லையாம். விசாரணையாம்! ஜட்ஜ் முன்னால் நிறுத்தாமல் இத்தனை நாள் வைத்திருக்கவே கூடாதாம். ஹைகோர்ட்டில் மனு போடப் போகிறார். கிளம்பும்போது சொன்னார்: "இனிமே யார் வந்து நம்பர், ரேகைன்னு கேட்டாலும் எழுத்துல உத்தரவு கேளுங்க."

ஜூலை 11, வியாழன்

மைக்கில் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஆம்பளைகள் எல்லோரும் ஆதாரோடு சமுதாயக் கூடத்துக்கு வரணும். போலீஸ் ரேகை எடுக்கும், கண்ணைப் படம் எடுக்கும். எதுக்கு? ஒருத்தர் மேல் சந்தேகம் என்றால் ஊரே திருடனா? பஞ்சாயத்தார் "குடுத்துட்டு வாங்கப்பா, தொழிலுக்குப் போகணும்ல" என்கிறார்கள். சுனாமியிலிருந்து இதே பழக்கம்தான். நிவாரணமோ, கணக்கெடுப்போ, பஞ்சாயத்து கேட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை நகலையும் அள்ளிக் கொடுத்துவிடுவோம். எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வக்கீல் சொன்னதை வீரையனிடம் மட்டும் சொன்னேன். அவன்தான் காது கொடுத்துக் கேட்கிற ஆள்.

ஜூலை 12, வெள்ளி

கேட்டுவிட்டான்! "எழுத்துல உத்தரவு காட்டுங்க சார், குடுக்கறேன்." அத்தனை ஆம்பளைகளில் அவன் ஒருத்தன். "யார்றா உனக்கு சொல்லிக் குடுத்தது?" என்று அதட்டியிருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லவில்லை. அவன் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சோறு இறங்கியது இன்றைக்குத்தான்.

ஜூலை 13, சனி

மனு திங்கட்கிழமை வருகிறது. தாயே, கைவிட்டுடாதே.

ஜூலை 15, திங்கள்

வந்துவிட்டார். கோர்ட்டில் மனுவைக் கூப்பிடுவதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். குற்றவாளி இல்லையாம், சாட்சியாம். ஃபஹ்மிதாவுக்கே புரியவில்லை. குளிப்பாட்டி விட்டேன். முதுகைப் பார்க்க முடியவில்லை. ரெண்டு வாய்தான் சாப்பிட்டார்.

"என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"அவங்க எழுதுனாங்க. என்னைய கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"என்னன்னு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வந்து, சிம் வாங்க உன்னக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கேட்டாங்க. வீரையன்தான கூட்டிட்டுப் போனான்? நான் பொய் சொல்லல புள்ள. வீரையன்தான் ஆள் புடிச்சுக் குடுக்கறவன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. படிச்சுக் காட்டுனாங்க. அதுக்கு மேல என்னால அடி தாங்க முடியல."

அய்யோ. நான் என்ன செய்வேன்? இந்த மனுஷனைத் திட்டவா, கட்டிக்கொண்டு அழவா?

ஜூலை 16, செவ்வாய்

விடியும்போதே வந்து வீரையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் இவர் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டார். எழுந்து வரவில்லை.

நாகரத்தினம் தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை, நேரே இங்கேதான். "அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அண்ணன எப்படி வெளிய கொண்டாந்தீங்க? எனக்கும் அதையே பண்ணிக் குடுங்கக்கா."

ஃபஹ்மிதா நம்பரை எழுதிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.