வேட்டித் துணிக்குள் ஒரு கை

மாமா,

இரும்புப் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். உங்கள் மல் வேட்டி பாச்சை உருண்டை வாசனையோடு மேலாகவே கிடந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் மூக்குக்குள் ஏறி அதிகாரம் செய்கிற வாசனை. மாமனார் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியறியாதவள் நான். இப்போது பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வேட்டியைக் கிழித்துத்தான் உங்கள் பேத்தியைச் சுற்றினோம். மூத்தவர் வேட்டி பட்டால் பிள்ளைக்கு ஆயுள் கெட்டி என்பது நம் வீட்டு வழக்கம். பிரசவம் பார்த்த அத்தை, இடது கையில் கட்டைவிரல் இல்லை என்று வந்து சொன்னார். நீங்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"கெரகணத்தன்னிக்கு இவ அருவாமனையில உக்காந்தாளா?"

உட்கார்ந்தேன். கிரகணம் விட்டதும் சுடச்சுடக் கத்தரிக்காய்க் குழம்பு வேண்டும் என்று சொல்லியனுப்பிய புண்ணியவான் யார், மாமா? அது மட்டும் உங்களுக்கு வசதியாக மறந்துவிட்டது.

அடுத்து உங்கள் கௌரவம் விழித்துக்கொண்டது. "கையச் சுத்திக் கட்டுங்க. பிரிக்கப்படாது." குளிப்பாட்ட வந்தவளை, ஊரில் சொல்லிவிடுவாள் என்று வாசலோடு திருப்பி அனுப்பினீர்கள். நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். உங்கள் பேச்சை மீறிப் பிள்ளையை முழுசாகப் பிரித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. மறுநாளும் அவளுக்கு வெளிக்குப் போகவில்லை. வயிறு உப்பியது. குடித்த பால் பச்சையாகத் திரும்பி வந்தது. நான் அழுதேன். "திருஷ்டி. சுத்திப் போடுங்க" என்றீர்கள். உங்கள் மகனோ, "அப்பா சொல்றாங்கல்ல" என்று வயலுக்குப் போய்விட்டார். உங்களுக்கு ஏற்ற பிள்ளை.

பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமானோடு என் அண்ணன் பார்க்க வந்திராவிட்டால் அவளை அன்றே புதைத்திருப்போம். அண்ணன் உங்களைக் கேட்கவில்லை, வண்டி கட்டினார். நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். பிள்ளை பிழைக்குமா என்று பார்க்கவா? வல்லத்திராக்கோட்டையிலிருந்து டவுன் ஆஸ்பத்திரி வரை அவள் கைமேல் உங்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டே வந்தீர்கள்.

லேடி டாக்டர் துணி எல்லாவற்றையும் உருவிப் போட்டார். விரலைப் பார்த்தவர் உடனே பிள்ளையைத் திருப்பிப் பார்த்தார். மலம் போகிற துவாரமே இல்லை. பிறகு முதுகெலும்பைத் தடவினார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"இருதயத்துலயும் ஒரு சத்தம் கேக்குது. இந்தக் குறைங்க பல சமயம் தனியா வராதும்மா, சேந்து வரும். ஒன்னு கண்ணுல பட்டா மத்ததத் தேடிப் பாக்கணும். நீங்க அதை மூடி வச்சிட்டீங்க."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அருவாமனையில விரல வெட்டுனாளே, சரி. கீழ எதை வச்சு அடைச்சா இவ?" என்று கேட்டீர்களே! நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெரியவரே, கெரகணம் எப்ப வந்துச்சு?"

"எட்டாம் மாசத்துல."

"விரலும் மத்ததும் மூணு மாசத்துக்குள்ளயே உருவாயிரும். ஒங்க மருமக ஒன்னும் பண்ணல."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டில் நான் தலைநிமிர்ந்து நடந்தேன். அந்த அம்மாவுக்கு அனுபவம் போதாது என்று நீங்கள் சொல்லித் திரிந்தீர்கள். அனுபவம் போதாத அந்தக் கைதான் மூடியிருந்த தோலைக் கீறி வழி செய்தது. பிள்ளை பிழைத்தாள். வேகமாக நடந்தால் இன்றும் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கணக்கில் வகுப்பிலேயே முதல்.

ஆனால் யார் வந்தாலும், "கைய உள்ள வையி ஆத்தா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், கடைசிப் படுக்கை வரை. அன்பாகத்தான் சொன்னீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்களை எரித்தாயிற்று. சொல்ல ஆளில்லை. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் இடது கை தானாகவே தாவணிக்குள் போய்விடுகிறது. நான் பக்கத்தில் போய், அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்து, வந்தவர் எழுந்து போகும்வரை என் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.