பிரிட்ஜில் ஒட்டிய ரிப்போர்ட்

மார்ச் 3

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை, உன் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாய். உன் தையல் மெஷின் இங்கே தூசி படிந்து கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு நார்மல் என்று வந்த பிறகும் உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நீயே தினமும் பார்க்க வேண்டும் என்றுதான் ரிப்போர்ட்டை பிரிட்ஜில் ஒட்டினேன். அதற்குப் போய் பெட்டியைத் தூக்குவதா? வந்து சேர்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கே வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, "வேற என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" முடி கொட்டுகிறதென்று நீங்கள் வாங்கித் தந்தீர்களே, அந்த பயோட்டின் மாத்திரைதான். அது ரத்தத்தில் இருந்தால் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடுமாம். அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். தைராய்டு குறைவு என்று வந்தது. இந்த முறை ஆன்டிபாடியும் பார்த்தார்கள். ஏகத்துக்கு இருக்கிறது. என் உடம்பே என் தைராய்டை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். அந்த வேலைக்கு வீட்டில் ஏற்கெனவே ஆள் உண்டு என்று நான் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டின் நகல் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
தூங்குமூஞ்சி

மார்ச் 15

என் கண்ணே,

படித்ததும் மனசே சரியில்லை. ஆக, எல்லாமே வியாதிதான்! தூக்கம், எரிந்து விழுவது, என் அம்மாவை எதிர்த்துப் பேசியது, வீட்டை விட்டுப் போனது வரை. நீ செய்யவில்லை, தைராய்டு செய்தது. நான் மன்னித்துவிட்டேன். ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், நாலு பேருக்குத் தெரிந்தால் நன்றாக இருக்காது. குணமானதும் எழுது, வந்து கூட்டிப்போகிறேன்.

உன் வீட்டுக்காரன்

மே 2

வணக்கம்.

நார்மல் என்று வந்தது பிரிட்ஜில். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்கள். நோய் என்று வந்தது மட்டும் பீரோவிலா?

என் கோபமும் இந்த நோயால்தானா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "கொஞ்சம் இருக்கலாம்மா. மாத்திரை பிடிச்சதும் பாருங்க, தெரிஞ்சுடும்" என்றார்.

தைராய்டு மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில் விழுங்குகிறேன். அளவு சரியாக வந்துவிட்டது. தூக்கம் தெளிந்துவிட்டது. கை காலில் இருந்த குளிர்கூடப் போய்விட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் வர வேண்டாம். மெஷினைத் துடைத்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி