காயமில்லாமல் தப்பித்தவளுக்கு

என் ஆசை அக்கா முத்துமாரிக்கு,

சூலக்கரையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அறைக் கதவில் 'மனநல ஆலோசகர்' என்று எழுதி, கீழே என் பெயர். நீ பார்த்திருந்தால், "ஏடி, நீயா அடுத்தவுக பேசுறதக் கேக்கப்போற?" என்று சிரித்திருப்பாய்.

நீ தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில்தான் உங்கள் பட்டாசு ஆலையில் அந்த அறை வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நம் ஊர் ஆமத்தூரே வந்து உன்னைத் தொட்டுப் பார்த்தது. "ஆத்தா காப்பாத்திட்டா. நீ பாக்கியசாலி" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் உன் முகம் சுருங்கியது. ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை.

பிறகு நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். பேசுவதையும். "மேலுல ஒரு காயமில்ல. பெறகு என்னத்துக்கு இப்படி உக்காந்திருக்கா?" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். பயந்த கோளாறு என்று விபூதி போட்டோம், கயிறு கட்டினோம். அடுத்த தீபாவளிக்கு முன்னால் நீயாகவே இந்த உலகத்தை விட்டுப் போய்விட்டாய். அந்த மௌனத்துக்குள் என்ன வைத்திருந்தாய் அக்கா?

கல்லூரி முடித்ததும் சிவகாசியில் பிரிண்டிங் கம்பெனி வேலை எனக்குத் தயாராக இருந்தது. மதுரைக்குப் போய் இதைப் படிக்கிறேன் என்றேன். மாமாவுக்குக் கோபம். "பேசுறதுக்கு ஒரு படிப்பா?"

அம்மாதான் குறுக்கே வந்தாள். "அவ படிக்கட்டும்ணே. கேக்க ஆளில்லாமத்தான் ஒருத்தி போயிட்டா."

போன மாதம் ஒரு பெண்ணை அவள் கணவர் அழைத்து வந்தார். வேறொரு வெடிவிபத்தில், உன்னைப்போலவே மிஞ்சியவள். உட்கார்ந்ததும், "ஒங்களுக்கு என்ன மேடம் தெரியும்?" என்றாள். உன் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் துக்கத்தையும் அவள் தலையில் ஏற்றக்கூடாதே.

"தெரியாதுதாம்மா. கூட இருந்தவுக பேரு என்ன?" என்று கேட்டேன். உன்னிடம் யாருமே கேட்காத கேள்வி.

ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். கடைசிப் பெயரில் உடைந்தாள். "காலையில அவகூட சண்ட போட்டேன். மொகங்கொடுத்துப் பேசல. இப்ப எனக்குச் சாப்புட வெக்கமா இருக்கு மேடம்."

வெட்கம். உனக்கும் அதுதானா அக்கா? அவள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவள் மறுபடியும் பட்டாசு வேலைக்கே போகிறாள். "வேற எங்கன போக?" என்கிறாள். வாரம் ஒருமுறை என்னிடம் வந்துகொண்டிருந்தாள். போன வாரம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு பஸ் ஏறினேன். வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"சீசன்ல லீவு தரமாட்டேங்கிறாக மேடம். சாப்பிட்டீகளா?" என்றாள். உயிரோடு பார்த்ததே போதும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாயைப் பரப்பினேன்.

எல்லோரையும் என்னால் பிடித்து நிறுத்த முடியாது, தெரியும். ஆனால் யார் வராமல் போனாலும் தேடிப் போவேன். போய்ப் பக்கத்தில் உட்காருவேன். பாக்கியசாலி என்ற சொல்லை மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
தங்கை ஈஸ்வரி