புவனாவின் குறத்தி வேஷம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
18-1-1998

அன்புத் தோழி ராணிக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது, கடிதம்தான் வரவில்லை. நர்ஸம்மா ஆனதும் எங்களையெல்லாம் மறந்துவிட்டாயா? இங்கே தறியில் முகூர்த்தப் புடவை ஏறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் தறிக்குழியை விட்டு எழுந்து வருவதே இல்லை.

ஒரு உதவி வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி. என் புவனா குறத்தி வேஷம் போடுகிறாள். டீச்சரே வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஊசி வேணுமா, பாசி வேணுமா, பழைய சோறு இருந்தா போடு சாமியோவ்" என்று அவள் நீட்டி முழக்கும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். முகத்துக்குக் கரி, கையில் டால்டா டப்பா எல்லாம் தயார். மணி மட்டும் அசலாக வேண்டும். எட்டாம் வகுப்பில் உன் அம்மா என் கையில் நீல மணி கட்டிவிட்டார்களே, அது மாதிரி நாலு சரம் வாங்கி அனுப்புடி. முதல் பரிசு நமக்குத்தான்.

அன்புடன்,
மங்கையர்க்கரசி

வேலூர்
24-1-1998

மங்கை,

உன் கடிதத்தை டூட்டி அறையில் படித்தேன். தினமும் சீழும் புண்ணும் துடைக்கிறவள் நான். அதெல்லாம் எனக்கு அருவருப்பில்லை. இதுதான் அருவருப்பு.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவை நீ மறந்திருப்பாய். குறவன் குறத்தி ஆட்டத்துக்கு என் அம்மாவின் பாவாடையைக் கேட்டார்கள். நானும் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தேன். அதை உடுத்திக்கொண்டு மேடையில் ஒருத்தி, இன்னொருத்தி தலையில் பேன் எடுத்து வாயில் போட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் நீயும் சிரித்தாய். அந்தப் பாவாடையை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் பாலாற்று மணலில் புதைத்தேன். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி அடியும் வாங்கினேன்.

வேஷமே கூடாது என்று சொல்லவில்லை. புவனா என் அம்மாவாக மேடை ஏறட்டும். மணி கோக்கட்டும், எங்கள் பாட்டு ஒன்று பாடட்டும். லீவு போட்டு வந்து நானே சொல்லிக்கொடுக்கிறேன். கரியும் டப்பாவும் பழைய சோறும் வேஷமில்லை மங்கை, காறித் துப்புவது. என்னைத் தோழி என்று நினைத்தால் இதை நிறுத்து.

ராணி

பிள்ளையார்பாளையம்
9-2-1998

அன்பு ராணிக்கு,

கோபம் தணிந்ததா? பெயர் கொடுத்த பிறகு எப்படி நிறுத்துவது? குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா? உன்னைச் சொன்னதாக ஏன் எடுத்துக்கொள்கிறாய்? உன்னைப் பார்த்தால் குறத்தி என்று யாராவது சொல்வார்களா? போன வருஷம் ஒரு பையன் நெசவாளி வேஷம் போட்டான். நாங்கள் கோபித்துக்கொண்டோமா?

நீ மணி அனுப்பாவிட்டால் என்ன! ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் ஒரு கிழக் குறத்தி உட்கார்ந்திருந்தாள். எந்தப் பள்ளிக்கூடம், என்றைக்கு விழா என்றெல்லாம் புவனாவிடம் விசாரித்துவிட்டு, அவளே நாலு சரம் எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். காசு நீட்டினேன், வாங்கவே இல்லை. அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், பார்.

புவனாவுக்கே முதல் பரிசு. போட்டோ வைத்திருக்கிறேன். கோபத்தை விட்டுவிட்டு ஒரு நடை வந்து போ.

அன்பு மாறாத,
மங்கை

வேலூர்
22-2-1998

மங்கையர்க்கரசிக்கு,

போட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நெசவாளி வேஷம் போட்ட பையனை யாரும் பிச்சை எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். "உன் கூட்டாளி மங்கையப் பாத்தேம்மா. அதுக்கு என்னைத் தெரியல. பொண்ணு அது மாதிரியே இருக்குது. அதுங்கிட்டப் போய் காசு வாங்குவனா நானு? நீல மணியாப் பாத்துப் போட்டேன்" என்றாள்.

தான் போட்ட மணியோடு குழந்தை மேடை ஏறுவதைப் பார்க்க விழாவுக்கும் போயிருக்கிறாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மதிலுக்கு வெளியே நின்று மைக்கில் கேட்டிருக்கிறாள்.

"நம்மள மாதிரியே பேசுச்சும்மா. சோறு போடுன்னு கேட்டுச்சு. அல்லாரும் சிரிச்சிக்கினே இருந்தாங்க. பசின்னு கேக்குற புள்ளையப் பாத்து எதுக்கும்மா சிரிக்கிறாங்க?"

அதற்குப் பதிலை நீ போய்ச் சொல். அம்மா அதே கோயில் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இனி எழுதாதே.

ராணி