விமானம் இறங்கும்வரை பெருக்காத வீடு

துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மகள் பம்பாயிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருக்கிறாள். ஃபோனில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்து ஊர்ந்து போகிறது. மேற்கே போக வேண்டியது, வடக்கே வளைந்து ஏறுகிறது. நீ பார்த்திருந்தால் ஃபோனையே பிடுங்கிக்கொண்டு போயிருப்பாய்.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் அதே ஊருக்குப் போனார். நடுவில் லண்டனில் நின்று போகும் விமானம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை பெருக்கக் கூடாது. பெருக்கினால் அவரையே வெளியே தள்ளியதாக ஆகிவிடும். விளக்கு வைத்த பிறகும் பெருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே எனக்குப் பொழுது இருக்குமா என்று முந்தின நாள் பொன்மலை ரயில்வே ஆபீசில் கூட வேலை பார்த்த உன்னைத்தான் கேட்டேன். இருவரும் ரயில் நேரத்தோடு மாரடித்தவர்கள்தானே.

“காலைல ஆறுக்கு ஏறி சாயங்காலம் நாலுக்கு இறங்குறாரு. பத்து மணி நேரம். தாராளமா பெருக்குடி” என்றாய். இந்த வழக்கத்தில் உனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது, ஆனால் கேலி செய்யவில்லை. மெட்ராஸ் போகவே நமக்கு ராத்திரி முழுக்க ஆகிறதே, அவ்வளவு தூரத்தை விமானக்காரன் பத்து மணி நேரத்தில் எப்படித் தாண்டுகிறான் என்பதுதான் உன்னைக் குடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, நாலடித்ததும் ஸ்ரீரங்கத்து வீட்டைப் பெருக்கி முடித்தேன். விளக்கேற்றப் போகையில் நீ வந்து நின்றாய். டவுன் பஸ் கூட்டத்தில் ஒரு உலக உருண்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். ஸ்கூல் டீச்சரான உன் அக்காவைக் கேட்டாயாம்.

“தப்பு பண்ணிட்டோம்டி. நாலு மணிங்கிறது அவங்க ஊரு நாலு மணி. அங்க இப்பதான் விடியுது. அவரு இன்னும் வானத்துலதான் இருக்காரு.”

“ஐயோ, பெருக்கிட்டேனேடி!” என்றேன். நீ நேரே கொல்லைக்குப் போனாய். நான் கொட்டிய குப்பையை முறத்தில் அள்ளி வந்து கூடம் முழுக்கத் தூவினாய்.

“இந்தா. நீ பெருக்கவே இல்ல. போதுமா?”

அழுதுகொண்டே சிரித்தேன். நீ அதற்குள் என் பூ கட்டும் நாரை எடுத்து உருண்டைமேல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு இழுத்துப் பிடித்துவிட்டாய். ஆபீஸ் சுவர் மேப்பில் நேராகத் தெரிந்த வழி, இங்கே வடக்கே ஏறி இறங்கியது.

“ஏண்டி இப்படிச் சுத்திட்டுப் போறான்?” என்றேன்.

நாரைத் தளர்த்தி, மறுபடி இழுத்துப் பார்த்தாய். “சுத்து இல்லடி, இதுதான் குறுக்கு வழி. மேப்புதான் நம்மள ஏமாத்துது!” குப்பைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தந்தி வந்தபிறகு இருவருமாகத்தான் பெருக்கினோம்.

போன வருஷம் நீயும் போய்விட்டாய். கல்லறையிலிருந்து திரும்பியதும் உங்கள் வீட்டில் தரையைக் கழுவிவிட்டார்கள். நான் இங்கே வந்து பெருக்காமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம், அங்கே இப்போது பகலா இரவா? இதையெல்லாம் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்கு வரும் பெண் என்னைக் கேட்காமலே பெருக்கிவிட்டாள். அவள் போனதும் கொல்லையிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து கூடத்து மூலையில் தூவினேன்.

மகள் இறங்கிவிட்டேன் என்று சொன்னதும் வீட்டைப் பெருக்குவேன். அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவேன்.