கொழுப்பு இறங்கிய நாள்

12-8-1968, திங்கள்
இன்றைக்கும் சண்டை. இவர் கண் இமையில் மஞ்சளாக இரண்டு தடிப்பு இருக்கிறதே, அதிர்ஷ்ட மரு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் கம்பெனி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்திருக்கிறார். கொலஸ்ட்ரால் முந்நூற்று நாற்பதாம். இருநூறைத் தாண்டக்கூடாதாம். மனிதருக்கு அதில் பெருமை வேறு. "நல்லா துன்னு வளந்த ஒடம்பு கனகா, அதான் ரத்தம் கெட்டியா கீது" என்கிறார். இவருடைய அப்பா நாற்பத்தைந்தில் ஏர் ஓட்டும்போதே சாய்ந்தவர். இவருக்கு இப்போது நாற்பத்து மூன்று.

24-8-1968
திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி ஆம்லெட் சாப்பிட்டிருக்கிறார். சட்டையிலேயே வாசனை. "மனுசன் ஒரு முட்டை கூட துன்னக்கூடாதா? சும்மா பேஜாரு பண்ணிக்கினு..." கையிலிருந்த தட்டைக் கீழே போட்டேன். மகள் குணசுந்தரி சிரித்துவிட்டாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு எல்லாம் வேடிக்கை.

17-9-1968
புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் வீட்டில் கவுச்சி கிடையாது, அந்த மட்டும் நிம்மதி. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். இவருக்குக் கொழுப்பு இருநூறுக்குக் கீழே இறங்கட்டும், இறங்கின கையோடு சனிக்கிழமை மாவிளக்கு ஏற்றுகிறேன். டீச்சர் இல்லையா, எண்ணைத் தெளிவாகச் சொல்லித்தான் வேண்டினேன்.

26-9-1968
பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் இருமலோடு படுத்திருக்கிறார்கள். ஹாங்காங் ஜுரமாம், பேப்பரில் போட்டிருக்கிறான். ரயிலில் ஒரு பெட்டி முழுக்க இருமுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இவரும் இருமினார்.

30-9-1968
எனக்கும் வந்தது, குணாவுக்கும் வந்தது. மூன்று நாள் உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, எழுந்துவிட்டோம். இவரை மட்டும் ஏன் விடவில்லை? எங்கள் இருவரையும் தூக்கி நிறுத்துகிற உடம்பு அது. இன்று சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போனார். மூச்சு விட்டால் சத்தம் கேட்கிறது.

2-10-1968
பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. கொழுந்தன் மணவாளன்தான் ரயிலில் இவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினான். உதடு நீலமாக இருக்கிறது. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிக்கொண்டதாம். மூக்கில் குழாய். ரத்தம் எடுத்தார்கள், கம்பெனி டாக்டர் கொடுத்த ரத்தச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

4-10-1968
பெருமாளே! பெருமாளே!
மணவாளன் லாபிலிருந்து ஓடி வந்தான். "அண்ணி, ஜெயிச்சிட்டீங்க! நூத்திப் பத்து! கொழுப்பு நூத்திப் பத்துக்கு எறங்கிச்சி!" அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்தார். "இப்பவாவது... ஒரு முட்டை..." என்றார். பாவி மனுஷன்.
நாளைக்கு மூன்றாம் சனிக்கிழமை. வேண்டுதலைத் தள்ளிப்போடக்கூடாது.

5-10-1968, சனி
காலையில் திருவள்ளூர் போய் மாவு இடித்து, வெல்லம் பிசைந்து, விளக்கேற்றினேன். நின்று எரிந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பிட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குக் குணமாகிவிட்டது என்று யார் யாரிடமோ சொன்னேன்.
சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா கிரேஸுக்கும் மாவிளக்கு மாவை நீட்டினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் மாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.
"அது குணம் இல்லம்மா. ஜுரம் ரொம்பக் கடுமையா தாக்கினா ரத்தத்துல கொழுப்பு இப்படித் திடீர்னு விழும். உடம்பு தோத்துக்கினு வருது. எவ்ளோ கீழ போகுதோ அவ்ளோ மோசம்."
"அப்ப முந்நூத்தி நாப்பது?"
"அதுவும் நல்லதில்ல. வருஷக்கணக்கா ரத்தக்குழாய்ல படிஞ்சிருக்கு. இந்த ஜுரத்தைத் தாங்க நெஞ்சுல பலம் இல்ல."
ஏறினாலும் சாவு, இறங்கினாலும் சாவா? இதென்ன கணக்கு? இன்னா கணக்கு இது? நான் அங்க விளக்கேத்திக்கினு கெடந்தேனே, இந்த மனுசன் இங்க மூச்சுக்கு அல்லாடிக்கினு... தூ.

6-10-1968
இவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. குணா "நைனா, நைனா" என்று காதருகே கூப்பிடுகிறாள். அவளுக்கும் திரும்பவில்லை.

7-10-1968
போய்விட்டார்.

24-10-1968
கேட்டதைக் கொடுத்தாயே பெருமாளே, ஒரு சொல் குறையாமல் கொடுத்தாயே. புருஷன் பிழைக்கணும் என்று கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லை? அதைக்கூடவா தனியாகச் சொல்ல வேண்டும்?
துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "அவ்ளோ ஆம்பளத்தனமான ஒடம்பு, சளிக்கா போச்சி?" பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. இப்போது கதவைச் சாத்திவிடுகிறேன்.

2-12-1968
பள்ளிக்கூடம் போனேன். வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

20-1-1969
பொங்கல் கழிந்ததிலிருந்து குணாவுக்கு இருமல். இரண்டு நாளாக ஜுரம். "வெறும் சளிதாம்மா" என்று அவள் கத்தக் கத்தச் சனிக்கிழமை பட்டணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கிரேஸ் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார். ரத்தம் எடுங்கள் என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு இருந்தது பெண்ணுக்கும் வரலாம், பார்த்துவிடுவோம் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.
முடிவு திங்கட்கிழமைதான் வரும், மணவாளனை அனுப்புங்கள் என்றார்கள். நான் அசையவில்லை. தங்கசாலையில் சித்தி வீட்டில் தங்கி, இன்று காலையில் நானே போய் நின்றேன்.
இருநூற்று முப்பது. இறங்கவில்லை.
"இந்த வயசுக்கு இது அதிகம்மா. இப்பவே குறைச்சாகணும்" என்றார்.
தப்பென்று எனக்கும் தெரியும். நான்தான் ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள். ஆனாலும் அந்தச் சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.
"இருக்கட்டும் டாக்டரம்மா" என்றேன். "இந்த இருமல் நிக்கிற வரைக்குமாவது, இருக்கட்டும்."