ஓடைக்கரையில் ஒருத்தியும் இல்லை

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு, 1909

அன்புள்ள சம்சுன்னிசாவுக்கு, மீராசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் இருமல் நின்றதா?

ஓடைக்கரையில் நான் மலாய்க்காரி ஒருத்தியை வைத்திருப்பதாக என்னோடு கடையில் வேலை பார்க்கும் யாக்கூப் ஊருக்கு எழுதினானாம், அதை நம்பி நீயும் கோபித்துக்கொண்டு உன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாயாம். கடை மாடியில் ஒன்பது பேர் படுக்கிறோம். அவன் வாய் ஓய்வதே இல்லை. அதனால்தான் ஞாயிறு காலை தொழுததும் தூண்டிலோடு சிலேத்தார் ஓடைக்குப் போய்விடுகிறேன். நல்ல காற்று, தண்ணீர்ச் சத்தம், வேறொன்றும் கிடையாது. "தனியா உட்காரவா அவ்வளவு தூரம் போறே?" என்கிறான் அந்த மடையன்.

தூண்டில் முள் நாலு அனுப்பு. நீ இடித்த மீன் மசாலாவும் ஒரு பொட்டலம், வாசனைக்காவது இருக்கட்டும்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள். ஒன்றை மட்டும் யோசி. அங்கே ஒருத்தி இருந்தால், பிடித்த மீனையெல்லாம் ஆக்கித்தர ஆளில்லாமல் ஏன் ஓடையிலேயே விட்டுவிட்டு வருகிறேன்?